சூட்டைக் காவு வாங்கிய பெட்டி

புதுச்சேரியில் உப்புக்காரன் சந்து ஏழாம் நம்பர் வீட்டுச் சமையலறையில் இருந்த ஒயின் பெட்டி, குளிரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சூட்டை மட்டும் பிரான்சுக்கு அனுப்பத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை மதியம், செலஸ்தின் அதை முழங்காலால் முட்டித் தள்ளிச் சுவரோடு சுவராக ஒட்டிவைத்த பிறகுதான். அதற்கு முன்னால் அது எல்லா ஒயின் பெட்டிகளையும் போல ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருந்ததுதான் செலஸ்தினுக்குப் பிரச்சினையாகவும் இருந்தது.

அவளுடைய புருஷன் அல்பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவன், பட்டாளம் விட்ட பிறகும் ஊர் திரும்பாமல் பிரான்சின் வடக்குக் கோடியில் லில் என்ற ஊரில் ஒரு கிடங்குக்கு இரவுக் காவலாளாக உட்கார்ந்துவிட்டவன். அப்படிப்பட்டவர்களின் வீட்டைப் புதுச்சேரியில் சொல்தா வீடு என்பார்கள், பட்டாளத்தான் வீடு என்று அர்த்தம். அந்த வீட்டுப் பெண்களை, அவர்கள் பிரான்சைக் கண்ணால் பார்த்திராவிட்டாலும், மதாம் என்பார்கள். செலஸ்தின் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது, யாராவது ஒருத்தர் கூட இருக்க வேண்டியிருந்தது, பத்தொன்பது வருஷம் கூட இருந்தாள், மாமியார் செத்துக் கல்லறையில் சிலுவையும் நட்டாயிற்று, அதற்குப் பிறகு அவளை அங்கே அழைத்துக்கொள்வது பற்றியோ அவன் இங்கே வருவது பற்றியோ யாரும் பேச்செடுக்கவில்லை. அவன் வருவதற்குப் பதிலாகக் கப்பலில் ஒரு பெட்டி வந்தது.

ஆள் உயரம், கறுப்பு நிறம், கண்ணாடிக் கதவு, உள்ளே புட்டிகளைப் படுக்க வைக்க மரத்தட்டுகள், கூடவே நாற்பத்தாறு புட்டிகள். பிரெஞ்சில் அதற்குக் காவ் என்று பேர். அல்பேர் அப்படிச் சொன்னதால் செலஸ்தினும் அப்படியே சொன்னாள். ஒரு புட்டியையும் யாரும் தொடக்கூடாது, பன்னிரண்டு டிகிரியில் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தால் வருஷத்துக்கு வருஷம் ருசி ஏறும், நான் வந்து திறப்பேன் என்று அவன் சொல்லியிருந்தான். செலஸ்தினும் அந்த வீட்டில் ஆடாமல் அசையாமல்தான் கிடந்தாள். அவளுக்கு ருசி ஏறியதா என்று கேட்க நாதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அல்பேர் போன் செய்வான். அவள் இரண்டாம் பூசை முடிந்து வந்து முக்காட்டை மடித்து வைக்கிற நேரத்துக்கு, அங்கே அவன் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பான். முதல் கேள்வி, காவ் எத்தனை. கதவில் எரியும் பச்சை எண்ணைப் பார்த்துப் பன்னிரண்டு என்பாள். நல்லது என்பான். அம்மா கல்லறையைப் பெருக்கினாயா என்பான், பெருக்கினேன் என்பாள், சரி வைக்கிறேன் என்பான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அந்த வாரத்துத் தாம்பத்தியம் முடிந்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம் கிடைக்கும். இந்தக் குளிர் என்னால் தாங்க முடியவில்லை, அடுத்த குளிருக்குள் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்பான். மனதாரத்தான் சொல்வான். அவன் அறை கட்டடத்தின் உச்சியில் ஓட்டுக்கு அடியில் இருந்தது, அங்கிருந்த பழைய கணப்பு இருமியதே தவிரக் காயவில்லை, ஒண்டிக்கட்டைக்கு இது போதும் என்று அவனும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு காலம் தள்ளினான். அங்கே மரம் துளிர்த்ததும் அந்த வாக்கியம் அவனுக்கு மறந்துபோகும். செலஸ்தினுக்கு மறக்காது. தன் பக்கம் பேச உலகத்தில் அந்தக் குளிர் ஒன்றுதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அது இன்னும் கொஞ்சம் பலமாகப் பேச வேண்டும் என்று செபமாலையில் அதற்காகத் தனியாகப் பத்து மணி உருட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. பயந்துபோய் அவனிடம் சொன்னாள். அன்றைக்கு அல்பேர் ஐம்பது நிமிஷம் பேசினான். பிளக்கைப் பிடுங்கு என்றான், பின்பக்கத் தகட்டில் கையை வைத்துப் பார் என்றான், புட்டியும் புட்டியும் இடிக்கிறதா, விசிறி இடிக்கிறதா, மேலேயா கீழேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஸ்குரூ டிரைவரைக் கை தவறிக் கீழே போட்டபோது, "பயப்படாத செலஸ், நான் இருக்கன் இல்ல" என்றான். விசிறியின் ஒரு திருகு தளர்ந்திருந்தது, முறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. நான் இருக்கன் இல்ல என்ற அந்த வார்த்தையை செலஸ்தின் அந்த வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு பெட்டி நன்றாக இருந்தது, பேச்சு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அவள் விசிறித் திருகைத் தானே தளர்த்தினாள்.

அன்று தொடங்கியதுதான். சனிக்கிழமை ஆனால் பெட்டிக்கு ஏதாவது ஒரு நோவு வந்தது, ஞாயிற்றுக்கிழமை அல்பேர் கடல் கடந்து அதற்கு வைத்தியம் சொன்னான். பெட்டியின் முன்கால் ஒன்றை இரண்டு சுற்றுக் கழற்றி அது ஒரு பக்கம் சாய்கிறது என்றாள், தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியின் தலையில் வைத்து எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கச் சொன்னான். கதவோரத்து ரப்பரின் ஒரு முனையை விரலால் மடித்து விட்டுக் குளிர் கசிகிறது என்றாள், கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார், எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அந்த இடத்தில் வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடு, ரப்பர் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்றான். கண்ணாடியில் வியர்க்கிறது என்றாள், அது நம் ஊர்க் கடல்காற்று, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் கதவை அடிக்கடி திறக்காமல் இரு என்றான். பச்சை எண் பொய் சொல்லுகிறதோ என்று சந்தேகம் கிளப்பினாள், ஒரு தம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து மறுநாள் காலையில் வெப்பமானியை அதில் நட்டுப் பார், ஒருதரம் பார்த்ததை நம்பாதே, மூன்றுதரம் பார்த்தால்தான் நிஜம் என்றான். இரண்டு வருஷத்தில் அவள் புதுச்சேரியில் ஒயின் பெட்டிக்கென்றே ஒரு கடை போடுகிற அளவுக்குத் தொழில் கற்றுக்கொண்டாள், ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் சொன்ன அல்பேர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தான். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட வேண்டும், உள்ளே எடுத்த சூட்டை அது பின்பக்கமாகத்தான் வெளியே விடும், ஒட்டிவைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று. கைவசம் இருந்த நோவுகளெல்லாம் தீர்ந்துபோன அந்தப் பங்குனிச் சனிக்கிழமை, செலஸ்தின் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுவரோடு தள்ளினாள்.

பெட்டி சாகவில்லை. பச்சை எண் பன்னிரண்டிலேயே நின்றது. மாறாகச் சமையலறை குளிர்ந்தது. வெயில் காய்ந்து அப்பளமாகிக் கிடந்த சிமெண்டுக் கூரைக்குக் கீழே, பின்பக்கச் சுவர் மண்பானையின் அடிவயிறு போல ஜில்லென்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனை எடுத்தால், அல்பேர் காவை விசாரிக்கவே மறந்துபோய், இன்னாமோ தெரியவில்லை, வெளியே பனி கொட்டுகிறது, என் அறை மட்டும் நம் ஊர்ச் சித்திரை மாதிரி இருக்கிறது, பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று கால் மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினான். அவன் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை.

மறுநாள் வேதவல்லி வந்தாள். சந்து முனையில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்க்கிறவள், காலை ஏழிலிருந்து தணலுக்கு முன்னால் நின்று நின்று உள்ளங்கை வெந்துபோனவள். தேய்த்த துணியைக் கொடுக்கச் சமையலறை வரைக்கும் வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள், ஊட்டுக்குள்ள மழ பேஞ்சாப்ல இருக்குதே மதாம் என்றாள். செலஸ்தின் பெட்டியைக் காட்டி, இது காவ், எங்க ஊட்டுக்காரர் அனுப்பினது என்றாள்.

"காவா? இன்னாத்தக் காவு கேக்குது?"

புதுச்சேரியில் எத்தனையோ பிரெஞ்சு வார்த்தை புழங்குகிறது, ஆனால் உப்புக்காரன் சந்தில் காவு என்றால் ஒரே அர்த்தம்தான். ஆட்டையோ கோழியையோ சாமி கேட்டு வாங்கிக்கொள்வது. செலஸ்தின் அதைத் திருத்தியிருக்கலாம். அன்றைக்கு அவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததே பெரிது, கேட்டால் கொடுக்கவா போகிறாய் என்று விளையாட்டாகச் சொன்னாள். என்னிடம் சூட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது, அதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று வேதவல்லி இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடிக் கதவில் பதித்தாள். காலையிலிருந்து ஏறியிருந்த சூடு முழங்கை வழியாக, மணிக்கட்டு வழியாக, விரல் நுனி வழியாக இறங்கிப் போனது. அவள் அப்படியே கண்ணை மூடி அரைமணி நேரம் நின்றாள். பிறகு கையை முகர்ந்து பார்த்துவிட்டு, காவு நல்ல காவு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரத்தில் சந்துக்கே தெரிந்துவிட்டது. மதாம் வீட்டில் ஒரு காவு இருக்கிறது, ஆடு கோழி கேட்பதில்லை, சூட்டைத்தான் கேட்கிறது. காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், பிள்ளையின் முதுகைக் கண்ணாடியில் சாய்த்தால் ஒரு சுலோகம் சொல்லி முடிப்பதற்குள் உடம்பு பச்சைத் தண்ணீர் ஆனது. பஜ்ஜிக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற முகத்தோடு வந்து கன்னத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனார். தார் ஊற்றும் ஆட்கள் வரிசையாக வந்து பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஐம்பதை எட்டிய பெண்கள் சிலர், திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தீப்பிடித்தாற்போல் ஆகிறது என்றால் இது இந்த வயசுதான் என்று டாக்டர் அனுப்பிவைத்த பெண்கள், மணையும் விசிறியும் எடுத்துக்கொண்டு வந்து பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் சமையலறையில் குடியிருந்தார்கள், அந்த நேரத்தில் ஆண்கள் வரக்கூடாது என்று அவர்களே சட்டமும் போட்டார்கள். காவுக்கு இத்தனை கொடுத்தும் ஒரு மரியாதை செய்யாவிட்டால் எப்படி என்று யாரோ கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார்கள், செலஸ்தின் இரண்டுதரம் அவிழ்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கோபச் சூட்டையும் அது எடுத்துக்கொள்ளும் என்று நம்பி, பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரைக் கூட்டிவந்து ஆளுக்கொரு பக்கம் சாய்த்து வைத்தார்கள், அவர்கள் உடம்பு குளிர்ந்து தெம்பாகப் போய் மறுபடி சண்டை போட்டார்கள். கிறிஸ்தவ வீட்டில் காவு கொடுக்கிறார்கள் என்று புகார் போய்ப் பங்குச் சாமியார் விசாரணைக்கு வந்தார், அங்கியின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தார், திருச்சபை இதற்கென்று எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று சொல்லி அடுத்த வியாழக்கிழமையும் விசாரணைக்கு வந்தார்.

யாரோ சொல்லி, குளிர்பெட்டி மெக்கானிக் தணிகாசலமும் வந்தார். பேச்சுக் குறைந்த மனுஷன். பெட்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தார், ஓரத்தில் காதை வைத்துக் கேட்டார், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரலைச் சொருக முயன்று முடியாமல் சுவரையே தடவிப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்துச் சுவரையும் தடவிவிட்டு வந்தார்.

"ஜனங்க பிரிட்ஜு குளிர உண்டாக்குதுன்னு நெனைக்கிறாங்க மதாம். அது சூட்டத் தூக்கி வேற எடத்துல போடற மிசினு, அவ்ளோதான். இங்க எடுத்தத எங்கியாவது போட்டே ஆவணும். இது எங்க போடுதுன்னு எனக்குத் தெரில." கைப்பையை மூடிக்கொண்டே, "எங்கியோ யாருக்கோ சூடா இருக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செலஸ்தின் அல்பேரைப் பேசவிட்டுக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள். பத்து நிமிஷம் ஆனது. இரு செலஸ், இன்னாமோ ஜில்லென்று அடிக்கிறது, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவன் எழுந்து போனான். பிளக்கைச் சொருகினாள். பத்து நிமிஷத்தில் ஸ்வெட்டர் கசகசக்கிறது என்றான். ஒருதரம் பார்த்ததை நம்பக்கூடாது என்று அவனே கற்றுக்கொடுத்திருந்ததால் இன்னொருதரம் பிடுங்கினாள், இன்னொருதரம் சொருகினாள், மூன்றாந்தரமும் செய்தாள். இந்த ரூமுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றான் அல்பேர். செலஸ்தின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் அவனுக்குப் போர்த்திவிட்டதில்லை. அவனிடம் இதைச் சொல்லவும் இல்லை. தூங்குகிற புருஷனுக்குப் போர்த்திவிட்டு, நான்தான் போர்த்தினேன் என்று எந்தப் பெண்ணாவது எழுப்பிச் சொல்வாளா.

அதிலிருந்து அவள் வாசலில் நின்று ஆள் கூப்பிட்டாள். காய்ச்சல் என்று எந்த வீட்டில் கேள்விப்பட்டாலும் போய்த் தானே பிள்ளையைத் தூக்கிவந்தாள். வேதவல்லியின் தணல் வாளியைக்கூட ஒருநாள் பெட்டி முன்னால் வைத்துப் பார்த்தாள். வாசலில் செருப்புக் குவிந்து கிடந்தது, மாமியார் சாவுக்குப் பிறகு அந்த வாசல் அவ்வளவு செருப்பைப் பார்த்ததில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தார்கள், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், சூடு இறங்கியதும் எழுந்து போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் அவளும் நாற்பத்தாறு புட்டியும் மட்டும் இருப்பார்கள். பரவாயில்லை, அவன் அங்கே பனியனோடு இருப்பான் என்று நினைத்துக்கொண்டு அவள் இங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பாள்.

கோடையில் அல்பேர் சன்னல் முழுவதையும் திறந்து வைத்துக்கொண்டான். கார்த்திகை பிறந்தது, சந்தில் மழைக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு வந்தது, அத்தனையும் அவன் அறைக்குப் போனது. மார்கழியில் செலஸ்தின் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். முதல் ஞாயிறு வரவில்லை, இரண்டாவது ஞாயிறு வரவில்லை, கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னபோதும் வரவில்லை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று அவளே வாய்விட்டு அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள்.

"இந்த வருஷம் குளிரே தெரில செலஸ். கிடங்குல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு கேக்கறான். ஈஸ்டருக்குள்ள சொல்றன்னு சொல்லிருக்கன்."

போனை வைத்துவிட்டு அவள் பெட்டியைப் பார்த்தாள். அவள் பக்கம் பேசிக்கொண்டிருந்த ஒரே சாட்சியான அந்தக் குளிரை அவளே வாயடைத்து வைத்திருக்கிறாள். ஊர்ச் சூட்டையெல்லாம் வாரி அனுப்பி, அவன் ஊருக்கு வரத் தேவையில்லாதபடி செய்திருக்கிறாள். பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

பெட்டியை நாலு விரல் இழுத்தால் போதும். அதற்கு அவளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. இழுத்தால் வேதவல்லியின் கை வேகும், பிள்ளைகளின் காய்ச்சல் மாத்திரையோடு மாத்திரையாக மூன்று நாள் கிடந்துதான் இறங்கும், மணை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கே போவார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அவன் நடுங்குவான். கட்டின புருஷன் குளிரில் நடுங்க வேண்டும் என்று நினைப்பது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்கலாம் என்று கோயிலுக்குப் போனாள், ஆனால் பாவம் கேட்கிற மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த சாமியார் வியாழக்கிழமை தவறாமல் பெட்டியில் முதுகைச் சாய்க்கிறவர் என்பது நினைவுக்கு வந்து, வேறு இரண்டு சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். சாம்பல் புதன் கழிந்த மறுநாள், நெற்றியில் ஒட்டியிருந்த சாம்பல் வியர்வையில் கரைய, பெட்டியின் இரண்டு விலாவையும் கட்டிப் பிடித்து இழுத்தாள், நாலு விரலை வைத்து அளந்து பார்த்தாள். பெட்டி ஒருதரம் பெருமூச்சு விட்டது. பின்பக்கத்திலிருந்து வெந்த காற்று அவள் முகத்தில் அடித்தது.

சந்து அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காவு ஒரு வருஷம் வாங்கிக்கொண்டது, வயிறு நிறைந்துவிட்டது, இனிமேல் கேட்காது என்றார்கள். மணைகளை எடுத்துக்கொண்டார்கள், எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து முச்சந்தியில் போட்டார்கள். ஒருத்தரும் அவளைக் குறை சொல்லவில்லை, ஒருத்தரும் பிறகு வரவும் இல்லை. வேதவல்லி மட்டும் துணி கொடுக்க வந்தபோது பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடத்தை அவள் கண்டுகொண்டாள்.

"நீதான் இழுத்தியா மதாம்?"

"ஆமா. அவரு வரட்டும்னு இழுத்தன்."

வேதவல்லி வெந்துபோயிருந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "வந்தா சரி" என்றாள்.

முதல் ஞாயிறு அல்பேர், அறை பழையபடி ஆகிவிட்டது என்றான். இரண்டாவது ஞாயிறு இருமினான். அந்த இருமலைக் கேட்டதிலிருந்து பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் செலஸ்தினின் முழங்கால் தானாகவே அதை முட்டப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனாள். ஐந்தாவது ஞாயிறு, ஒரு வருஷம் சுகமாக இருந்து பழகிப் போய்விட்டது, முன்மாதிரி என்னால் இந்தக் குளிரைத் தாங்க முடியவில்லை, ஏதாவது செய்தாக வேண்டும், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றான். செலஸ்தின் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, கேட்டு அந்த யோசனையைக் கலைத்துவிடப் பயந்தாள். அந்த வாரம் முன்னறைக் கட்டிலைப் பிரித்து வெயிலில் போட்டாள், மெத்தையைத் தட்டினாள், இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் விட்டுப்போன லுங்கிகளைத் துவைத்து வேதவல்லியிடம் தேய்க்கக் கொடுத்தாள், மீன்காரியிடம் ஈஸ்டருக்கு வஞ்சிரம் சொல்லிவைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று நரையை எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை விட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, கையில் இருந்த ஓலைக் குருத்தைக்கூட இன்னும் கீழே வைக்காமல், போனை எடுத்தாள். பெட்டி விட்ட சூடும் கூரை இறக்கிய சூடும் சேர்ந்து சமையலறை கொதித்துக்கொண்டிருந்தது.

"குளிருக்கு ஒரு முடிவு கட்டிட்டன் செலஸ்" என்றான் அல்பேர்.

அவள் ஓலைக் குருத்தைச் சமையல் மேடையில் வைத்தாள்.

"ஹீட்டர் வாங்கிட்டன். பெருசு. எண்ணெ ஊத்தினது. ரூமு தகதகன்னு இருக்குது."

அதில் எத்தனை தகடு, எந்தப் பொத்தானை அமுக்கினால் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். கிடங்கில் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் நடுவில் சொன்னான். அவன் குரலில் ஒரு குறையும் இல்லை, அவளை ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமும் இல்லை, ஏனென்றால் அவள் எதற்காகவாவது காத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. செலஸ்தின் உம் கொட்டினாள். ஹீட்டர் பேச்சு தீர்ந்ததும் அவன் வழக்கமான இடத்துக்கு வந்தான்.

"சரி, காவ் எத்தன?"

செலஸ்தின் பச்சை எண்ணைப் பார்க்கவில்லை. மேடையில் கிடந்த வெப்பமானியை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நான் நிக்கற எடத்துல முப்பத்தாறு" என்றாள்.

அவன் ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் காவக் கேட்டன்" என்றான் அல்பேர்.

செலஸ்தின் குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அதுவும் ஆயிடும். கொஞ்ச நேரம் பிடிக்கும்" என்றாள்.